ஊர்ப் பணத்தில் எங்கள் தெருவுக்குக் கேபிள் வருமா?

கேள்வி: வணக்கம் சார். நாங்கள் நியூ மெக்சிகோவில், ஆல்புகர்க்கியிலிருந்து காரில் முக்கால் மணி நேரத் தொலைவில் இருக்கிறோம். நகராட்சி எல்லைக்கு வெளியே ஒரு மண் ரோடு, அதில் மொத்தம் ஒன்பது வீடுகள். நெடுஞ்சாலை வரை ஃபைபர் கேபிள் வந்து நின்றுவிட்டது. அங்கிருந்து எங்கள் தெருவுக்கு ஒன்றேகால் மைல்தான். அதை இழுத்துத் தர கம்பெனி 41,000 டாலர் கேட்கிறது. மழை பெய்தால் ரோடு முழுக்கச் சேறு, ஸ்கூல் பஸ் உள்ளே வராது. இரண்டு வீடுகளில் போர்வெல் தண்ணீரும் குறைந்துகொண்டே வருகிறது. கவுன்ட்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) அலுவலகத்தில் உதவி கேட்டால், ‘ஆன்ட்டி டொனேஷன் கிளாஸ் இருக்கிறது, எங்களால் முடியாது’ என்று ஒரே வரியில் அனுப்பிவிட்டார்கள். எண்ணெய்ப் பணம் கொழிக்கிற மாநிலம் இது. சிப் ஃபேக்டரிக்கும் சினிமா ஸ்டுடியோவுக்கும் கொடுக்க முடிகிறது, எங்களுக்கு மட்டும் முடியாதா? 2022 தேர்தலில் இதற்காகத்தான் ஏதோ ஒரு திருத்தத்துக்கு ஓட்டுப் போட்டதாகவும் ஞாபகம். உண்மையிலேயே சட்டம் தடுக்கிறதா, இல்லை தட்டிக்கழிக்கிறார்களா? — ஒரு வாசகி

பதில்: தட்டிக்கழித்தார்கள் என்று சொல்ல மாட்டேன். பாதியைச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அரசுக் கடன் பத்திர வேலையில் இத்தனை வருடம் இருந்துவிட்டேன். கவுன்ட்டி கூட்டங்களில் இந்த ஒரு விதியைக் கேட்ட அளவுக்கு வேறு எதையும் கேட்டதில்லை. சில சமயம் அது நிஜமான சுவர். சில சமயம், யோசிக்க நேரமில்லாத அதிகாரிக்கு வசதியான ஒரு சாக்கு. உங்கள் விஷயத்தில் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது.

‘ஆன்ட்டி டொனேஷன் கிளாஸ்’, அதாவது தானத் தடை விதி, என்ன சொல்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். நியூ மெக்சிகோ அரசியல் சாசனத்தின் 9ஆம் பகுதி, 14ஆவது பிரிவு. மாநிலமோ, கவுன்ட்டியோ, பள்ளி மாவட்டமோ, நகராட்சியோ எந்தத் தனி ஆளுக்கும் சங்கத்துக்கும் கம்பெனிக்கும் நேராகவோ சுற்றிவளைத்தோ தானம் கொடுக்கக் கூடாது; தன் பெயரில் கடன் ஜாமீனும் நிற்கக் கூடாது. படித்துக்கொண்டே போனால் அந்த நீண்ட வாக்கியத்தின் வாலில் ‘ரயில்பாதை கட்டுவதற்கு’ என்று ஒரு தொடர் ஒட்டிக்கொண்டிருக்கும். இன்டர்நெட் கேட்டுப் போன உங்களுக்கு ரயில்பாதை எதற்கு என்று தோன்றும். விஷயமே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க மாநிலங்கள் கால்வாய்க்கும் ரயிலுக்கும் கண்ணை மூடிக்கொண்டு கடன் வாங்கின. நியூயார்க் 1825இல் முடித்த ஈரி கால்வாய் பணத்தைக் கொட்டோ கொட்டென்று கொட்டியதைப் பார்த்து மற்றவர்களுக்கும் ஆசை. 1837இல் சந்தை சரிந்தது. 1841, 1842இல் எட்டு மாநிலங்கள் கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்தன. சூடு கண்ட பூனை கதைதான். ‘இனி கம்பெனிக்குப் பணம் இல்லை, பங்கு இல்லை, ஜாமீன் இல்லை’ என்று ஒவ்வொரு மாநிலமாகச் சாசனத்தில் எழுதிக்கொண்டது. இன்றைக்கு அநேகமாக எல்லா மாநிலத்திலும் ஏதோ ஒரு வடிவில் இது இருக்கிறது.

நியூ மெக்சிகோவுக்குச் சொந்த அனுபவமே உண்டு. சாண்டா ஃபே என்று ஊர்ப் பெயரையே வைத்துக்கொண்ட ரயில் கம்பெனி, மலையேற்றம் கடினம் என்று சாண்டா ஃபேயை விட்டுவிட்டு லாமி என்ற பக்கத்துச் சிற்றூர் வழியாகப் போய்விட்டது. தலைநகருக்கு அவமானம். 1879இல் கவுன்ட்டி மக்கள் ஓட்டுப் போட்டு, ஒன்றரை லட்சம் டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிட்டு, லாமியிலிருந்து 18 மைலுக்கு ஒரு கிளைப்பாதை போட வைத்தார்கள். ரயில் வந்தது. கூடவே வட்டியும் வந்தது. அந்தக் காலத்துக் கவுன்ட்டிக் கடன்கள் எவ்வளவு தூரம் துரத்தின என்றால், 1910இல் நியூ மெக்சிகோவை மாநிலமாக்கும் சட்டத்தில், சாண்டா ஃபே, கிராண்ட் என்ற இரண்டு கவுன்ட்டிகளின் பழைய பத்திரங்களை அடைப்பதற்கென்றே அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் 10 லட்சம் ஏக்கர் நிலம் ஒதுக்க வேண்டியிருந்தது. அதே வருடம் அக்டோபரில் சாசனம் எழுத உட்கார்ந்த நூறு பேருக்கும் இது பக்கத்து வீட்டுச் சங்கதி. ‘ரயில்பாதை’ என்ற சொல் அங்கே வந்து உட்கார்ந்தது அப்படித்தான்.

ஆனால் நீதிமன்றங்கள் விதியை ரயிலோடு நிறுத்தவில்லை. 1950களின் வறட்சியில் மாடு வளர்ப்பவர்கள் தீவனம் வாங்க மாநிலம் உதவித் தொகை கொடுத்தது. 1957இல் மாநில உச்ச நீதிமன்றம் அதையும் தானம் என்று அடித்துவிட்டது. வறட்சி நிஜம், கஷ்டம் நிஜம்; அதற்காகத் தனியார் கைக்குப் பொதுப் பணம் போக முடியாது. உங்கள் அதிகாரியின் வாயிலிருந்து வந்தது இந்தத் தீர்ப்பின் எதிரொலி.

சரி, அப்படியானால் சிப் ஃபேக்டரி எப்படி? நியாயமான எரிச்சல். இதில் இரண்டு வெவ்வேறு வழிகள் இருக்கின்றன.

ஒன்று, தொழில் வருவாய்ப் பத்திரம். 2004இல் சாண்டோவல் கவுன்ட்டி, ரியோ ராஞ்சோவில் உள்ள இன்டெல் ஆலைக்காக 1,600 கோடி டாலர் வரைக்கும் இந்தப் பத்திரத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. ஒரு கவுன்ட்டியிடம் அவ்வளவு பணம் ஏது என்று பயப்பட வேண்டாம், அதில் கவுன்ட்டியின் காசு ஒரு டாலர்கூட இல்லை. காகிதத்தில் கட்டடமும் மெஷினும் கவுன்ட்டியின் பெயருக்கு மாறும். கம்பெனி அதையே குத்தகைக்கு எடுக்கும். கடனைக் கம்பெனியே அடைக்கும். அரசுச் சொத்துக்குச் சொத்து வரி கிடையாது அல்லவா? லாபம் அங்கேதான். வரியை விட்டுக்கொடுப்பதும் ஒரு வகையில் கொடுப்பதுதானே என்றால், எனக்கும் அந்த உறுத்தல் உண்டு. ஆனால் இந்த வகைப் பத்திரத்தை நீதிமன்றம் 1956லேயே, டெமிங் ஊர் வழக்கில், செல்லும் என்று சொல்லிவிட்டது.

இரண்டாவது, விதியையே திருத்தியது. 1994இல் மக்கள் ஓட்டெடுப்பில், வேலைவாய்ப்பு உண்டாக்கும் திட்டங்களுக்கு ஒரு விலக்கு சேர்த்தார்கள். 2018இல் நெட்ஃபிளிக்ஸ் ஆல்புகர்க்கியில் ஸ்டுடியோ வாங்கியபோது மாநிலம் ஒரு கோடி டாலரும் நகராட்சி 45 லட்சம் டாலரும் கொடுத்தது இந்த வழியில். கம்பெனி பதிலுக்கு என்ன செய்ய வேண்டும், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று ஒப்பந்தம் எழுதித்தான் கொடுக்க முடியும்.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், உங்கள் வேலைக்கும் சாவி இதிலேயே இருக்கிறது. பணம் செலவாகிறதா என்பது இந்த விதிக்குப் பொருட்டில்லை. செலவு முடிந்த பிறகு பொருள் யாருடையது, பொதுமக்களுக்குப் பதிலுக்கு என்ன வந்தது, இந்த இரண்டைத்தான் அது கேட்கும். விண்வெளிச் சுற்றுலா நடத்தும் விர்ஜின் கேலக்டிக் கம்பெனிக்கு ஓடுபாதை கட்டிக்கொடுத்தால் தானம். மாநிலமே 22 கோடி டாலர் போல் செலவழித்து ஸ்பேஸ்போர்ட் கட்டி, தன் பெயரில் வைத்துக்கொண்டு வாடகைக்கு விட்டால் தானமில்லை. அதே சாண்டா ஃபேக்கு 2008 டிசம்பரில் ரெயில் ரன்னர் என்ற பயணிகள் ரயில் வந்ததும் அப்படித்தான். அது பொது அமைப்புகளே நடத்துகிற ரயில். ஓஹியோவில் இதைவிட வேடிக்கை. 1851 சாசனம் நகரங்கள் ரயில் கம்பெனிக்குப் பணம் போடுவதைத் தடுத்தது. சின்சினாட்டிக்காரர்கள், ‘கம்பெனிக்குத்தானே கொடுக்கக் கூடாது?’ என்று டென்னசி மாநிலத்துச் சட்டனூகா வரை 337 மைல் பாதையைத் தாங்களே போட்டு, நூறு வருடத்துக்கு மேல் குத்தகைப் பணம் வாங்கிச் சாப்பிட்டு, 2024இல் 160 கோடி டாலருக்கு விற்றார்கள்.

நான் ஒருமுறை ஒரு சின்ன ஊரில் முதியோர் சங்கத்துக்கு ஒரு வேன் வாங்க உதவினேன். சங்கம் தனியார் அமைப்பு, பணம் கொடுக்க முடியாது. கவுன்ட்டி வேனை வாங்கியது. சங்கத்துக்கு லீஸ். வாடகைக்குப் பதிலாக வாரத்துக்கு இத்தனை நாள் இத்தனை முதியவர்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும் என்று எழுதினோம். டாஷ்போர்டில் ஒரு சின்ன அலுமினியத் தகடு: கவுன்ட்டிச் சொத்து, எண் இன்னது. ஓட்டுநர் அம்மா அதைத் தினமும் துடைத்து வைப்பார். அந்தத் தகட்டில்தான் மொத்தச் சட்டமும் இருந்தது.

இப்போது உங்கள் தெருவுக்கு வருவோம். ரோட்டிலிருந்து ஆரம்பியுங்கள், கேபிளிலிருந்து வேண்டாம். அந்த மண் ரோடு யாருடையது? கவுன்ட்டி பராமரிப்புப் பட்டியலில் அது இருக்கிறதா, இல்லை உங்கள் ஒன்பது மனைகளுக்கும் நடுவே போகிற தனியார் வழிப்பாத்தியமா? உங்கள் நிலப் பத்திரத்தோடு இருக்கும் சர்வே படத்தைப் பாருங்கள். தனியார் வழி என்றால், கவுன்ட்டி அங்கே ஒரு லோடு ஜல்லி கொட்டினால்கூட அது உங்களுக்குக் கொடுத்த தானம். அதிகாரி சொன்னது அங்கே சரி.

ஆனால் விதி ஒரு பக்கமாகத்தான் கட்டிப்போடுகிறது. அரசு உங்களுக்குக் கொடுக்கக் கூடாது. நீங்கள் அரசுக்குக் கொடுக்கலாமே! ஒன்பது வீட்டாரும் சேர்ந்து ரோட்டு நிலத்தைப் பொதுவழியாக எழுதிக்கொடுத்து, கவுன்ட்டியின் ஆட்சிக் குழுவான கமிஷன் அதை ஏற்றுக்கொண்டால், அதற்குப் பிறகு போடுகிற ஜல்லி கவுன்ட்டி தன் சொத்தில் போடுவது. ஸ்கூல் பஸ் பேச்சையும் அப்போது தைரியமாக எடுக்கலாம்.

லேசில் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். அகலம், வடிகால், ஜல்லிக் கனம் என்று அளவு வைத்திருப்பார்கள். அதுவரைக்கும் கொண்டுவரும் செலவு உங்கள் தலையில் விழலாம். அதை ஒரே தடவையில் கட்ட முடியாது என்றால் மேம்பாட்டு மாவட்டம் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. தெருக்காரர்கள் மனுக் கொடுத்தால் கவுன்ட்டி வேலையைச் செய்து, செலவை வீட்டு வாரியாகப் பிரித்து, சொத்து வரி பில்லோடு பல வருடத் தவணையில் வசூலிக்கும். கையெழுத்து வாங்குவதுதான் பெரும்பாடு. நான் பார்த்த ஒரு தெருவில் பதினான்கு வீட்டில் பதின்மூன்று பேர் சம்மதித்தார்கள். கடைசி வீட்டுத் தாத்தா தன் கேட்டை 30 வருடமாகத் தானே பூட்டித் திறந்து பழக்கப்பட்டவர். ‘பொது ரோடு என்றால் கண்டவனும் வருவான்’ என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். அவரைச் சம்மதிக்க வைக்க எட்டு மாதம் ஆனது, அதுவும் சட்டத்தால் இல்லை, மருமகள் பிரசவத்துக்கு ஆம்புலன்ஸ் சேற்றில் மாட்டிய பிறகு.

ரோடு பொதுவழி ஆனால் கேபிளுக்கும் பாதி வழி திறந்துவிடும். கவுன்ட்டி, ரோட்டு ஓரத்தில் காலிக் குழாய் பதித்துத் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டு, எந்தக் கம்பெனி வந்தாலும் நியாயமான வாடகைக்கு விடலாம். பொருள் ஊருடையது, பதிலுக்கு வாடகையும் வருகிறது. இன்னொன்று கவனியுங்கள்: உங்கள் ரோட்டைத் தாண்டித் தன்னார்வத் தீயணைப்பு நிலையமோ கிளினிக்கோ கவுன்ட்டிக் கட்டடம் ஏதாவதோ இருக்கிறதா? இருந்தால், தன் கட்டடத்துக்கு இணைப்பு வேண்டும் என்று கவுன்ட்டி காசு கொடுத்துச் சேவை வாங்கலாம். அது வியாபாரம், தானமில்லை. கேபிள் போகிற வழியில் உங்கள் ஒன்பது வீடும் இருக்கும்.

அப்புறம் நீங்கள் ஓட்டுப் போட்ட திருத்தம். ஞாபகம் சரிதான். 2022 நவம்பரில் வந்தது, தெளிவான பெரும்பான்மையில் நிறைவேறியது. வீட்டுக்கு அவசியமான இன்டர்நெட், மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் போன்ற வசதிகளுக்கான கட்டமைப்புக்குப் பொதுப் பணம் செலவிடலாம் என்று அதே 14ஆவது பிரிவில் புது விலக்கு. உங்கள் தெருவை மனத்தில் வைத்தே எழுதிய மாதிரி இருக்கும். ஆனால் அது தானாகத் திறக்கிற கதவு இல்லை. முக்கியமாகக் குடியிருப்புக்கானதாக இருக்க வேண்டும். சட்டசபையின் இரு அவைகளும், வந்திருக்கும் உறுப்பினர்களில் இல்லை, மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையோடு சட்டம் இயற்ற வேண்டும். பணம் வீணாகாமல் இருக்கப் பாதுகாப்பு விதிகளும் அதில் இருக்க வேண்டும். ரோடு அந்தப் பட்டியலில் பெயர் சொல்லி இல்லை என்பதையும் கவனியுங்கள். அதனால்தான் ரோட்டைத் தனியாகப் பிரித்துச் சொன்னேன்.

ஆகவே கவுன்ட்டிக்கு அடுத்து எழுதும்போது, ‘எங்களுக்குக் கேபிள் போட உதவுங்கள்’ என்று எழுதாதீர்கள். அந்த வாக்கியத்துக்கு ‘தானத் தடை’ என்ற பதில் தயாராக இருக்கிறது. மாறாக இப்படிக் கேளுங்கள்: ‘9ஆம் பகுதி 14ஆவது பிரிவில் 2022இல் சேர்த்த வீட்டு வசதி விலக்கின் கீழ் எந்தச் சட்டத்தை, எந்தத் திட்டத்தை நீங்கள் பயன்படுத்துகிறீர்கள்? எங்கள் முகவரிகள் அதில் அடங்குமா? இல்லை என்றால், எந்தக் காரணத்தால்?’ எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். இந்தக் கடிதம் பெரும்பாலும் கவுன்ட்டி வக்கீல் மேஜைக்குப் போகும். போகட்டும், வக்கீலிடம் ‘முடியாது’க்குக் காரணம் கேட்கலாம்.

இன்டர்நெட்டுக்கு மட்டும் இன்னொரு தனிக் கணக்கும் உண்டு. கிராமப்புற இணைப்புக்கென்று ஒன்றிய அரசு 2023இல் நியூ மெக்சிகோவுக்கு 67.5 கோடி டாலர் ஒதுக்கியது. அதை நிர்வகிப்பது மாநில பிராட்பேண்ட் அலுவலகம். ஒன்றிய அரசின் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் தேசிய பிராட்பேண்ட் வரைபடத்தில் உங்கள் ஒன்பது வீட்டையும் இன்றே தேடிப் பாருங்கள். மலை மேல் டவர் வைத்திருக்கிற ஏதோ ஒரு வயர்லெஸ் கம்பெனி, ‘இந்த வீடுகளுக்கு நாங்கள் தருகிறோம்’ என்று பதிந்திருந்தால் நீங்கள் ‘வசதி உள்ளவர்கள்’ ஆகிவிடுவீர்கள். நடைமுறையில் அந்தச் சேவை கிடைக்கவில்லை என்றால், ஆட்சேபம் பதிய வீட்டுக்காரருக்கே அங்கே வழி உண்டு. வீட்டுக்கு வீடு தனித்தனியாகப் போடுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் நியூ மெக்சிகோக்காரர்கள் நம்மைவிடப் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். இரண்டு வீட்டுப் போர்வெல்லை ஆழப்படுத்தித் தரச் சொன்னால் பழைய பதில்தான் வரும். ஆனால் 1947 முதலே, சின்ன ஊர்கள் சேர்ந்து குடிநீர்ச் சங்கம் அமைக்க ஒரு சட்டம் இருக்கிறது. இங்கே ‘மியூச்சுவல் டொமெஸ்டிக்’ என்பார்கள். சட்டத்தின் கண்ணில் அந்தச் சங்கம் பொது அமைப்பு, அதனால் அரசுப் பணம் வாங்கலாம். பாசன வாய்க்கால் சங்கங்களான ஆசெக்கியாக்களும் அப்படியே. ஸ்பானியர் காலத்திலிருந்து நடக்கின்றன. நம் ஊர் ஏரிப் பாசனத்து நீர்க்கட்டி மாதிரி ஒருவர், மயோர்டோமோ என்று பெயர், முறை வைத்துத் தண்ணீர் விடுவார். ஒன்பது வீட்டுக்குப் புதிதாகச் சங்கம் தொடங்காதீர்கள். தண்ணீர்ப் பரிசோதனை, கணக்குத் தணிக்கை, கூட்டக் குறிப்பு என்று உயிரை எடுக்கும். பக்கத்தில் ஏற்கெனவே ஒரு சங்கம் ஓடிக்கொண்டிருந்தால் அதன் குழாயை உங்கள் தெருவரை நீட்டக் கேளுங்கள்.

கடைசியாக நேரக் கணக்கு. எண்ணெய், எரிவாயு எடுப்பதன் மேல் போடும் வரியை ஆதாரமாக வைத்து மாநிலம் வெளியிடும் பத்திரங்களுக்கு மக்கள் ஓட்டு தேவையில்லை. அந்தப் பணத்தில் ஒரு பகுதியைச் சட்டசபை உறுப்பினர் ஒவ்வொருவரும் தன் தொகுதி வேலைகளுக்கு ஒதுக்குவார். ஆனால் பணம் பொது அமைப்பின் பெயருக்குத்தான் வரும், உங்கள் தெருச் சங்கத்தின் பெயருக்கு வராது. கவுன்ட்டி தன் ஐந்தாண்டுக் கட்டமைப்புப் பட்டியலில், ஐசிஐபி என்பார்கள், உங்கள் ரோட்டையோ குழாயையோ ஏற்கெனவே சேர்த்திருந்தால் உறுப்பினருக்கும் வேலை சுலபம். அந்தப் பட்டியல் கோடையில் தயாராகும். சட்டசபை கூடுவது ஜனவரி மூன்றாம் செவ்வாய்க்கிழமை. ஒற்றைப்படை வருடத்தில் 60 நாள், இரட்டைப்படையில் 30 நாள். ஜனவரியில் போய் நின்றால் முடிந்தது கதை. பட்டியலுக்காகக் கவுன்ட்டி கூட்டம் போடும் நாளை இப்போதே விசாரித்து வைத்து, சர்வே படம், ஒன்பது வீட்டுக் கையெழுத்து, மழையில் எடுத்த இரண்டு போட்டோ, இந்த மூன்றோடு போய் முன் வரிசையில் உட்காருங்கள். எழுதிக்கொடுக்கும் ரோட்டுப் பத்திரத்தை மட்டும் கையெழுத்துப் போடுவதற்கு முன் உள்ளூர் நிலச் சட்ட வக்கீல் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். கமிஷன் ஏற்றுக்கொள்ளாமல் போனால் நிலம் உங்களிடமே திரும்பும் என்ற வரி அதில் இருக்க வேண்டும்.